உயிரோடு இருந்த மாமனாருக்குக் கோடி வேட்டி

ரோஷத்தில் என்னை மிஞ்ச உத்திரமேரூர் வட்டாரத்திலேயே ஆள் கிடையாது. (அறிவில் மிஞ்ச ஏராளமான பேர் இருந்தார்கள்.) எழுபதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணமாகி முதல் ஆடி வந்தது. மாமனார் பெருநகர் என்கிற தன் ஊரிலிருந்து நேரில் வந்து அழைக்காமல், நடவு வேலை என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டார். மாப்பிள்ளைக்கு இது போதாதா? அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்றேன். நானும் போகவில்லை, மனைவி மல்லிகாவையும் அனுப்பவில்லை. அவள் சண்டை போடவில்லை. பெருநகர் பஸ் போகும் சத்தம் கேட்டால் கைவேலையை நிறுத்திவிட்டு நிற்பாள், அவ்வளவுதான். அதைப் பார்த்துக்கொண்டே இரண்டு வருஷம் நானும் சோறு தின்றேன்.

எங்களுடையது நாற்பது வீட்டுக் குக்கிராமம். வெளியூர்ச் சேதியெல்லாம் ஊர் ஊராக வாய்வழியே வந்து சேரும். ஒரு நாள் காலை பக்கத்து ஊர்க்காரர் சைக்கிளை நிறுத்தி, மாமனார் தவறிவிட்டார் என்றார். மல்லிகா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சாவுக்குச் சம்பந்தி வீட்டார் கோடித்துணி கொண்டுபோவது வழக்கம். செய்த பாவத்துக்கு ஈடாக, கடையிலேயே உசத்தியான வேட்டி, ஆள் உயர மாலை, முன்னால் மேளம் என்று ஊரையே திரட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பெருநகர் தெருமுனையில் மேளம் தொடங்கியது. பெண்கள் மாரடித்துக்கொண்டு ஓடினார்கள். வாசலில் மாமனார் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

மேளம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றது. மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் என் கழுத்திலேயே போட்டுக்கொண்டேன். (சத்தியமாக.) அவருக்கு வந்தது வெறும் காய்ச்சல். வழியில் முதல் ஊரில் அது படுத்த படுக்கையாகி, அடுத்த ஊரில் 'இழுத்துக்கினு கீது' ஆகி, எங்கள் ஊருக்கு வருவதற்குள் ஆளே போய்விட்டார்.

மல்லிகா அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் தலையைத் தடவியபடி அவர் என்னைப் பார்த்தார்.

"இன்னா மாப்ள, நான் செத்தாதான் பொண்ணைக் கண்ணுல காட்டுவீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. நான் அழுதுவிட்டேன். மாலையும் கழுத்துமாக அழுகிற மாப்பிள்ளையைப் பார்க்கத் தெருவே கூடிவிட்டது. மன்னிச்சிடுங்க மாமா என்றேன். அவர் கோடியை வாங்கிப் பிரித்து, கரையைத் தடவிப் பார்த்து, துணி நல்லா கீது என்று அங்கேயே கட்டிக்கொண்டார். மேளக்காரர்களுக்கும் சேர்த்து எல்லோருக்கும் சோறு போட்டார்.

அதற்கப்புறம் எந்த விசேஷத்துக்கும் அந்த வேட்டிதான். என் சாவுக்கு மாப்ள எடுத்தது என்று எல்லோரிடமும் காட்டுவார். அது நைந்து கிழிந்த பிறகும் வெகுகாலம் நன்றாகவே இருந்தார்.

இப்போதும் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று காதில் விழுந்து, நாளைக்குப் போகலாம் என்று நான் இழுத்தால், மல்லிகா சொல்வாள்: "இன்னிக்கே போய்ப் பார்த்துட்டு வாங்க. பொறவு வேட்டி எடுத்துக்கினு ஓடாதீங்க."

நான் செருப்பைத் தேடுவேன்.