மேனேஜர் சட்டையில் வரைந்த ரத்தக்குழாய்

கோபத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுக்க முடியுமென்றால், போடி தேனி ரெண்டு ஊருக்கும் ரத்தக்குழா டாக்டரம்மா ஒருவரே கொடுத்திருப்பார். எழுபதுகளின் கடைசியில் அவருடைய ஆஸ்பத்திரியில் நான் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். சிவப்புப் பேனா கையில் கிடைத்தால் காலண்டர், மாத்திரை டப்பா, என் சீட்டுக்கட்டு எதையும் விடமாட்டார். இடுப்புக்குள் ஓடும் ரத்தக்குழாய்களை வரைந்துவிடுவார். பெயர் வந்தது அப்படித்தான்.

ஒருநாள் மத்தியானம் போடிமெட்டிலிருந்து ஒரு எஸ்டேட் ஜீப்பு வந்தது. முன்சீட்டில் மேனேஜர். பின்னால் ஏலக்காய் மூட்டைகள். மூட்டைமேல், காலையில் பிள்ளை பெற்ற பெண், நிற்காத உதிரப்போக்கோடு. லோடு ஏறி முடியட்டும் என்று ரெண்டு மணி நேரம் ஜீப்பை நிறுத்தி வைத்தார்களாம். புருசன் சொல்லி அழுதான். எனக்கே அந்த மேனேஜரை அறையலாம்போல இருந்தது.

டாக்டரம்மா அந்தப் பெண்ணின் வயிற்றில் முஷ்டியை வைத்து அழுத்தியபடியே ஸ்ட்ரெச்சரோடு தியேட்டருக்குள் ஓடினார்.

ஆபரேஷன் முடிந்து வெளியே வந்தவரிடம், லோடை அனுப்பலாமா என்று கேட்டார் மேனேஜர். அவ்வளவுதான். அவருடைய வெள்ளைச் சட்டையைப் பிடித்திழுத்து, வயிற்றின்மேலேயே கோடு போட ஆரம்பித்தார் டாக்டரம்மா. மேனேஜர் தொந்தியை எக்கிக்கொண்டு நின்றார்.

"தொப்புளுக்குக் கீழ பெரிய குழா ரெண்டாப் பிரியுது. ஒவ்வொன்னும் மறுபடி ரெண்டாகுது. வெளிக்குழா காலுக்கு. உள்குழா கர்ப்பப்பைக்கு. ரெண்டு பக்கத்து உள்குழாயையும் நூல் போட்டுக் கட்டிட்டு வர்றேன். நீ மூட்டை ஏத்துன நேரத்துல ஒரு உசுரு வடிஞ்சு போயிருக்கும்யா."

கட்டினால் கர்ப்பப்பை செத்துப்போகாதா என்று முனகினார் மேனேஜர். பக்கத்துச் சின்னக் கிளைகள் சுற்றி வந்து ரத்தம் கொடுக்கும், உன்னைவிட அதுகளுக்கு இரக்கம் ஜாஸ்தி என்றார் டாக்டரம்மா.

மூட்டைகள் ரோட்டில் இறங்கின. ரத்தம் கொடுக்க ஆள் கூட்டிவர ஜீப்பு மலையேறியது. குரூப்பு சேர்ந்துவிட்டதால், முதல் பாட்டில் மேனேஜருடையதாகவே இருந்தது.

சாயங்காலம் டீ கொண்டுபோனேன். டாக்டரம்மா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் ரெண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டிருந்தார். காலுக்கு ரத்தம் ஒழுங்காகப் போகிறதா என்று நாடி பார்க்கிறேன், சோலியைப் பார்த்துக்கிட்டுப் போ என்றார். அரைமணி கழித்து எட்டிப் பார்த்தபோதும் பிடித்தபடியே இருந்தார். நாடி பார்க்க அவ்வளவு நேரம் ஆகாது என்பது எனக்கும் தெரியும். ஆறிய டீயை எடுத்துக்கொண்டு, சூடாக வேறொன்று வைத்துவிட்டு, சத்தமில்லாமல் வந்துவிட்டேன்.