கஞ்சிக் கிடாரத்தின் முன் மூச்சுப் பிடித்தவர்

பள்ளிவாசலில் ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டுத் தொழுத கொரோனாக் காலம் முடிந்து, மறுபடி தோளோடு தோள் சேர்ந்து நின்றோமே, அந்த வருஷ நோன்பில் நடந்தது இது. கல்முனைக் கரையில் கடலுக்குப் பயந்தவர்கள் எத்தனையோ பேர். காற்றுக்குப் பயந்தவர் எங்கள் மூச்சுக்காக்கா ஒருவர்தான்.

பள்ளியில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவது அவர். வாசம் என்பது கண்ணுக்குத் தெரியாத சாப்பாடு, ரம்பை இலையும் இறைச்சியும் கொதிக்கிற ஆவியை இழுத்தால் நோன்பு முறிந்துவிடும் என்பது அவருடைய தீர்ப்பு. அப்படியில்லை என்று மௌலவி எத்தனை தரம் சொல்லியும் கேட்கவில்லை. வேலியோரம் நின்று நெஞ்சு நிறைய மூச்சு எடுப்பார். கன்னம் உப்ப ஓடிவந்து பெரிய கிடாரத்தில் கஞ்சியைத் துழாவுவார். கண் பிதுங்கும்போது அகப்பையைப் போட்டுவிட்டு வேலிக்கு ஓடி, ‘புஸ்’ என்று விடுவார். பின்னேர அசர் தொழுகை முடிந்து சும்மா நிற்கிற எங்களுக்கு அதைவிட வேறு தமாஷ் கிடையாது.

வாசம் பிடிக்காதவருக்குக் கஞ்சி அடிப்பிடிப்பது எப்படித் தெரியும்? ஒருநாள் ஊரே கருகல் கஞ்சி குடித்தது. கேட்டதற்குச் சொன்னார்:

“கஞ்சி கருகினா நாளைக்கிக் காய்ச்சலாம். நோன்பு கருகினா என்னத்தக் காய்ச்சுற?”

அந்த வருஷம் விறகு கிடைப்பதே பெரும்பாடு. மர ஆலையில் அள்ளிவந்த ஈரத் துண்டுகள்தான். நல்ல விறகு தேடி நான் காரைதீவுப் பக்கம் அலைந்தது தனிக்கதை, அது கிடக்கட்டும். ஈர விறகுப் புகை அவருக்கு ஆகவில்லை. சின்ன வயதிலிருந்தே இழுப்பு, அதுதான் ஆஸ்துமா. வாய்க்குள் மருந்தடிக்கிற பம்ப் மடியில் இருக்கும். மருந்து வயிற்றுக்குப் போய்விடும் என்று பகலில் தொடமாட்டார்.

ஒரு பின்னேரம் வேலிக்கு ஓடியவருக்கு மூச்சை விடவே முடியவில்லை. ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பம்பை அடிக்கச் சொல்லி வழியெல்லாம் கெஞ்சினேன். கையில் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினார்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் மாஸ்க் போட்டுவிட்டு நர்ஸ் பிள்ளை பொறுமையாக விளக்கினாள். நெஞ்சுக்கூட்டுக்கு அடியில் ஒரு தசை விரிப்பு இருக்கிறதாம். அது கீழே இறங்கினால் நெஞ்சு விரிந்து காற்று தானாக உள்ளே வரும். தளர்ந்து மேலே வந்தால் வெளியே போகும். இழுப்புக்காரருக்குச் சின்னக் குழாய்கள் சுருங்கிவிடுவதால், போன காற்று திரும்பி வர வழியில்லாமல் கிடக்கும். சாப்பாட்டுக் குழாய் அதற்குப் பின்னால் வேறாக இருக்கிறதாம்.

மாஸ்க்கைத் தூக்கிவிட்டுக் கேட்டார்: “அப்ப கஞ்சி வாசம்?”

“நெஞ்சுக்குத்தான் போகும் வாப்பா. வயித்துக்கில்ல.”

மாஸ்க்கைக் கையிலேயே பிடித்துக்கொண்டார். “அப்ப இவ்வளவு காலமும் நான் சும்மாவா ஓடின?”

நான் சிரித்தேன், பிள்ளையும் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

மௌலவியும் பார்க்க வந்தார். நோயாளி நோன்பை விடலாம், சுகமானதும் பிடித்துக்கொள்ளலாம் என்றார்.

“விட்ட நோன்பக் களா வெச்சிட்டு மௌத்தாகினா?” செத்துவிட்டால் அந்தக் கடனை யார் தீர்ப்பது என்ற பயம் அவருக்கு.

“அத அல்லாஹ் பாத்துக்குவான் காக்கா. நீங்க மூச்சப் பாருங்க.”

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் பள்ளிக் கிடாரத்தின் மேலேயே முகத்தை நீட்டிக்கொண்டு நின்றார். இஞ்சி கூடிப்போச்சு, ரம்பை காணாது என்று எல்லாருக்கும் ஏச்சு. எங்களுக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் நோன்பை விடவில்லை, பகலில் பம்ப் மடியிலேயே கிடந்தது. கேட்டால், “வாசம் அல்லாஹ் அனுப்புற. மருந்து நான் அனுப்புற. ரெண்டும் ஒண்டாடா?” என்பார்.

பெருநாளுக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. நோன்பு துறக்கிற நேரம் நெருங்கியிருந்தது. இழுப்பு வந்து வேலியில் சாய்ந்து உட்கார்ந்தார். பம்பை எடுத்து மூடியைக் கழற்றி, மடிமேல் பிடித்துக்கொண்டு பாங்கு ஒலிக்கக் காத்திருந்தார். பாங்கு ஒலித்தது. கை மேலே வரவில்லை.

அடுத்த நாள் நண்பகல் லுஹர் தொழுகையோடு அடக்கினோம்.

உங்கள் ஊரில் இழுப்போடு நோன்பு பிடிக்கிற யாராவது இருந்தால், இந்தக் கதையைப் போய்ச் சொல்லிவிடுங்கள். ஏசுவார். ஏசட்டும். ஏசுவதற்கு ஆள் இருக்கிறாரே, அது போதும்.