சாயங்கால வயிற்றுவலி

சுவரில் தொங்கிய வரைபடத்தில் எட்டாவது சிவப்பு ஊசியைக் குத்திவிட்டு நர்ஸ் சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள். கொதிநீர் சாருக்கு அது தன் நெஞ்சிலேயே இறங்கியதுபோல் இருந்தது.

வயிற்றுவலி வந்த வீட்டுக்கு ஒன்றாக எட்டு ஊசிகளும் ஒரே தெருவில், ஒரே வீட்டைச் சுற்றி, பிக்பாக்கெட்காரனை மடக்கிய கூட்டம்போல் நெருக்கியடித்து நின்றன.

"நடுவுல இருக்கிறது யாரு வீடு சார்?"

"என் வீடு."

"தெரியும் சார். நீங்களே சொன்னா நல்லா இருக்குமேன்னு கேட்டேன்."

அவர் அந்த வட்டாரத்தின் சுகாதார அதிகாரி. எங்கே யார் இருமினாலும், யாருக்கு வயிறு கலங்கினாலும், அது எங்கிருந்து கிளம்பியது என்று தேடிப் பிடிப்பது அவர் வேலை. எதைக் கேட்டாலும் "கொதிக்க வெச்சுக் குடிங்க" என்பார். 'கொதிநீர் சார்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். மணி கேட்டவனிடமும் அதையே சொன்னார் என்று ஒரு பேச்சு உண்டு. அதில் பாதி பொய்யாக இருக்கலாம்.

போன வாரம் அவர் சாப்பிடும்போது மனைவி, "பக்கத்து வீட்டுல வயிறு சரியில்லையாம்ங்க. எதிர்வீட்டுலயும் அதேதான் சொல்றாங்க, பாவம்" என்றாள். வேறு புருஷனாக இருந்தால் "அப்படியா" என்று சொல்லிவிட்டு அடுத்த கவளத்துக்குப் போயிருப்பான். இவர் மறுநாளே நர்ஸை வீடு வீடாக அனுப்பினார். வினை அங்கே ஆரம்பித்தது.

"தண்ணி?" என்றார் இப்போது.

"சோதிச்சாச்சு சார். சுத்தம்."

"பால்?"

"ஆளுக்கொரு கடையில வாங்குறாங்க."

"அப்ப எட்டு வீட்டுக்கும் பொதுவா எதுவுமே இல்ல."

"ஒண்ணு இருக்கு சார். சொல்லட்டுமா?"

"வேண்டாம்."

"சூப்பு சார்."

அந்தச் சூப்பின் கதை இது. அவர் மனைவி தபால் அலுவலக வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஒரே மகளும் வெகுதூரம் போன பிறகு, மாதக்கணக்கில் ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பலமுறை கூப்பிட்டால்தான் திரும்புவாள். அந்த மௌனத்துக்குப் பயந்துதான் அவர், "தெருவுல வயசானவங்க, தனியா இருக்கிறவங்க எத்தனை பேர்! சத்தா ஏதாவது செஞ்சு குடேன்" என்று சொல்லிவைத்தார். அன்றைக்கு எழுந்தவள்தான். காய்கறிகளைச் சேர்த்துத் தானாகவே ஒரு சூப்பு கண்டுபிடித்தாள். சாயங்காலம் தவறாமல் தூக்குவாளியோடு கிளம்பினாள். தெருவில் யாருக்கு முழங்கால் வலி, யார் மகனுக்குப் பரீட்சை என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடியாயிற்று. சமையலறையிலிருந்து பாட்டுச் சத்தம்கூட வந்தது.

இப்போது அவளிடம் போய், உன் சூப்பால்தான் தெரு படுத்துக் கிடக்கிறது என்று சொன்னால், மறுபடி அந்த ஜன்னலுக்குப் போய்விடுவாள். இந்தத் தடவை எத்தனை முறை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள்.

சொல்லாவிட்டால் யாராவது செத்துப்போவார்கள்.

அவருக்கோ அந்தச் சூப்பு அமிர்தம். தினமும் இரண்டு டம்ளர் குடிப்பார். அதை நினைத்ததும் அடிவயிற்றில் ஏதோ குர்ரென்றது. நோய் தனக்குள்ளும் பதுங்கிக்கொண்டு நல்ல நேரம் பார்க்கிறது என்று முடிவு செய்தார்.

நேரிலேயே விசாரித்துவிடலாம் என்று எதிர்வீட்டுத் தையல்காரரிடம் போனார். கதவைத் திறந்த தையல்காரர் முதலில் அவர் கைகளைப் பார்த்தார். கைகள் காலி என்றதும், "வாங்க சார், வாங்க" என்று முகம் மலர்ந்தார்.

"வயிறு எப்படி இருக்கு?"

"வயிறா? ஆங்... மோசம் சார். ரொம்ப மோசம்."

"எத்தனை தடவை போகுது?"

"எத்தனை தடவை போனா சார் மோசம்னு அர்த்தம்?"

"மூணு."

"எனக்கு நாலு சார்."

"வலி எப்ப வருது?"

"சாயங்காலம்தான். விளக்குப் போடுற நேரத்துல சுருக்குன்னு பிடிக்கும். கொஞ்ச நேரத்துல விட்டுடும். அப்புறம் நல்லாவே சாப்பிடுவேன்."

வாசல் வரை வந்து வழியனுப்பிய தையல்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நான் ரொம்ப முடியாம இருக்கேன்னு அக்காகிட்ட சொல்லிடுவீங்கல்ல சார்?"

கொதிநீர் சார் யோசனையோடு வீட்டுக்கு நடந்தார். இத்தனை வருஷ சர்வீஸில், ஆபீஸ் போவதுபோல் நேரம் வைத்துக்கொண்டு வரும் வியாதியை அவர் பார்த்ததில்லை.

அன்று வீட்டில் பூனைபோல் அடியெடுத்து வைத்து, "இன்னிக்கு சூப்பு வேண்டாமே. நீயும் கொஞ்சம் ஓய்வெடுக்கலாமில்ல?" என்றார்.

"தெருவே சுருண்டு கிடக்கு, எனக்கு ஓய்வா? நல்லா இருக்கே நீங்க பேசுறது! இன்னும் கெட்டியா வெச்சு, இனிமே காலையிலயும் குடுக்கப் போறேன்."

மறுநாளிலிருந்து வியாதி காலையிலும் வர ஆரம்பித்தது.

அவர் பெரிய பாத்திரத்தைப் பரணில் ஒளித்துவைத்தார். அவள் கடைக்குப் போய் அதைவிடப் பெரியதாக ஒன்று வாங்கி வந்தாள். வேறு வழியில்லாமல், அவள் குளிக்கப் போன சமயம் பார்த்து, அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த குடிநீர் சுத்திகரிக்கும் குளோரின் மாத்திரையை, இறக்கிவைத்திருந்த சூப்பில் போட்டுக் கலக்கினார். ஒன்று போதும். அவசரத்தில் நாலைந்து விழுந்தன. கையோடு ஒரு சின்ன பாட்டிலில் கொஞ்சம் ஊற்றி, யார் வீடு என்று எழுதாமல் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார். அன்றும் அவர் இரண்டு டம்ளர் குடித்தார். வழக்கத்தைவிட நன்றாகவே இருந்தது.

அடுத்த நாள் நர்ஸ் மூச்சிரைக்க வந்தாள்.

"சார், ஊசி தீர்ந்துபோச்சு! மாடி வீட்டு வக்கீல், அவரோட மாமியார், நேத்து குடிவந்தவங்க, எல்லாருக்கும் வயிறு."

"நேத்து வந்தவங்களுக்குமா?"

"அவங்களுக்குத்தான் சார் ரொம்ப அதிகம்."

"கோடிவீட்டு டிரைவர்?"

"கதவே திறக்கல சார்."

டிரைவர் தனி ஆள். கேட்பாரில்லை. கொதிநீர் சார் ஓட்டமும் நடையுமாகப் போய்க் கதவைத் தட்டினார். உள்ளே ஓடிக்கொண்டிருந்த டி.வி. சட்டென்று நின்றது. பிறகு ஒரு முனகல்.

"தம்பி! நான்தான், சூப்பு வீட்டு சார்!"

முனகல் இரண்டு மடங்காயிற்று.

டி.வி.யை அணைத்ததுதான் அந்த மனிதனின் கடைசித் தெம்பு என்று அவருக்குப் பட்டது. ஜன்னலோர நாற்காலி ஒருகணம் கண்முன் வந்து போனது. தன் மேலதிகாரியான பெரிய டாக்டரம்மாவுக்கு அவரே போன் செய்தார்.

சற்று நேரத்தில் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு தெருவுக்குள் வந்தது. டாக்டரம்மாவும் அதிலேயே வந்து இறங்கினார். ஆட்கள் கதவை நெம்பித் திறந்து டிரைவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்தார்கள். அவர் கண்களை இறுக மூடியிருந்தார். நிஜப் பிணம்கூட அவ்வளவு கச்சிதமாகக் கிடக்காது. தெரு முழுக்க வாசலில் நின்றது. ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள்.

"மேடம், நான் ஒண்ணு சொல்லணும்..." என்று டாக்டரம்மாவை நெருங்கினார் கொதிநீர் சார். பக்கத்திலேயே மனைவி, "பாவம்ங்க, தம்பி எப்படி இளைச்சுட்டாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பேர் போடாத பாட்டில்... அது வந்து... எங்க வீட்டு..."

"சூப்புதானே? நர்ஸ் சொல்லிட்டாங்க. ரிசல்ட்டும் வந்தாச்சு" என்றார் டாக்டரம்மா. "ஒரு கிருமியும் இல்ல. குளோரின்தான் கொஞ்சம் தூக்கல்."

நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது இன்னும் பெரிய பயம். கிருமியே இல்லாமல் ஒரு தெருவைச் சாய்த்த வியாதி! கொதிக்க வைத்தாலும் தீராதே!

அதற்குள் மனைவி வீட்டுக்குள் போய் டம்ளரோடு வந்துவிட்டாள்.

"அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க, வெறும் வயித்தோட போகலாமா டாக்டரம்மா? இப்ப வெச்சது, சூடா இருக்கு."

அவள் முகம் விளக்குப் போட்டதுபோல் இருந்தது.

"சுத்தம்னு ரிசல்ட்டே சொல்லிடுச்சு, குடுங்கம்மா." டாக்டரம்மா ஒரு மடக்குக் குடித்தார்.

கண்கள் விரிந்தன. தொண்டை ஒருமுறை ஏறி, யோசித்து, இறங்கியது. நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது. கை மெல்ல வயிற்றுக்குப் போனது.

"மீதியையும் குடிங்க டாக்டரம்மா."

"இல்லம்மா... எனக்கும் காலையிலேர்ந்து வயிறு கொஞ்சம் சரியில்ல."

"ஐயையோ! ஒரே மடக்குல!" கொதிநீர் சார் அலறினார். "இன்னொரு ஸ்ட்ரெச்சர்! சீக்கிரம்!"

மனைவி பதறித் தண்ணீர் எடுத்துவர உள்ளே ஓடினாள். ஸ்ட்ரெச்சரில் கிடந்த டிரைவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து, அவள் போய்விட்டதை உறுதி செய்துகொண்டு, கொதிநீர் சாரின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"கத்தாதீங்க சார், அக்கா காதுல விழுந்துடப்போகுது. இந்தத் தெருவுல ஒருத்தர் வயித்துக்கும் ஒண்ணுமில்ல. அவங்க அப்படிச் சிரிச்சுக்கிட்டு வாளியோட வந்து நிக்கிறப்ப, இந்தச் சூப்பை வாயில வைக்க முடியலன்னு சொல்ல யாருக்கு சார் மனசு வரும்?"