உரப்பானையில் வந்த ஆத்தா

2024 ஜூலை 26, வெள்ளிக்கிழமை. எழுந்ததும் போர்வையை மடித்தேன். பால் சேர்க்காத டீ குடித்தேன். அரிசி கழுவிய நீரைக் கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஊற்றினேன். வாழைக்காய்த் தோலைப் பொடியாக நறுக்கி, வராந்தாவில் இருக்கும் உரப்பானையில் போட்டு மூடி, அதன் முன் ஒரு நிமிடம் சும்மா நின்றேன். (கும்பிடவில்லை. கை கட்டிக்கொண்டுதான் நின்றேன்.)

சாமி கும்பிடுவதை நான் எப்போதோ விட்டிருந்தேன். அந்த இடத்தில் சுற்றுச்சூழல் வந்து உட்கார்ந்துகொண்டது. பூஜை அலமாரியில் துணிப்பைகள். விமானத்தில் ஏறினால் பாவம். பரிகாரமாக ஒரு மரக்கன்று. கோடை முழுக்க ஏசி போடாத விரதம். புனேயில் பேத்திக்குப் பெயர் சூட்டிய அன்று பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களைக் கண்டு, மைக்கைப் பிடித்துப் பேசிவிட்டேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ள மனைவி சுமதி அங்கேயே தங்கினாள். என்னை இரு என்று யாரும் சொல்லவில்லை. செம்பாக்கம் வாடகை வீட்டில் நானும் பானையும். என் புது மதத்தில் எல்லாம் இருந்தது. பக்கத்தில் நின்று கும்பிட இன்னொரு ஆள்தான் இல்லை.

பானை, பல்லாவரம் வெள்ளிச் சந்தையில் வாங்கியது. ஈ மொய்த்ததால் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தேன். எறும்பு வந்ததால் சுற்றிலும் மஞ்சள்தூள். மூடி உடைந்ததால் ஒரு மஞ்சப்பையைப் பிரித்து வாயில் கட்டியிருந்தேன். நாற்றத்துக்கு எலுமிச்சை மூடிகள். ஒவ்வொன்றுக்கும் அறிவியல் காரணம் இருந்தது. கொஞ்சம் தள்ளி நின்று மொத்தமாகப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

சாயங்காலம் தாம்பரத்தில் அலுவலகம் முடிந்து வந்தால், வாசலில் செருப்புகள். வீடு மாறி வந்துவிட்டேனோ என்று தயங்கினேன். வராந்தாவில் விளக்கு எரிந்தது. பானைக்குக் குங்குமம், வளையல், அரளி மாலை. மாடியிலிருக்கும் வீட்டுக்காரம்மா வள்ளி அக்காவும் தெருப் பெண்கள் சிலரும் நின்றிருந்தார்கள்.

"இன்னா சார், ஆடி வெள்ளியும் அதுவுமா ஆத்தாவ வச்சிகினு ஒரு வார்த்த சொல்லாம கீறீங்க?" வள்ளி அக்கா எவர்சில்வர் டம்ளரில் கூழை நீட்டினார். "வூட்டம்மா இல்லாம ஒண்டியா கீறாருன்னு, ஆத்தாவே தொணைக்கு வந்து குந்திகினா."

அது உரம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயில் கூழை ஊற்றிக்கொண்டேன். கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமும் கொடுத்தார்கள்.

அப்போதுதான் ஒரு பெண் பால் ஊற்றுவதற்காக மஞ்சள் துணியைத் தூக்கப் போனாள்.

"தொடாதீங்க! உள்ள உயிர் இருக்கு!"

நான் சொன்னது மண்புழுக்களை. ஆனால் பதற்றத்தில் குரல் கீச்சிட்டது, கை கால் நடுங்கியது. யாரோ குலவையிட்டார்கள். வள்ளி அக்கா தடாலென்று என் காலில் விழுந்தார்.

"யாரு தாயே நீ? இன்னா கொற வச்சோம்?"

என்ன குறை என்று அந்தத் தெருவில் யாரும் என்னைக் கேட்டதில்லை.

"மக்குற குப்பையையும் மக்காத குப்பையையும் ஒண்ணாக் கொட்டுறீங்களே" என்றேன்.

"தப்புதான் தாயே."

"ஏரியில பிளாஸ்டிக் கவர் போடுறீங்களே."

"இனிமே போட மாட்டோம் தாயே."

மைக் பிடித்தும் நடக்காதது நடந்துகொண்டிருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிலத்தடி நீரை முடித்து, கார்பன் வரை போய்விட்டேன். வள்ளி அக்கா மெதுவாகத் தலையைத் தூக்கினார். (இதுவரை எந்த ஆத்தாவும் கார்பனைப் பற்றிப் பேசியதில்லை போலும்.) எழுந்து, தானே துணியை விலக்கினார். வாழைக்காய்த் தோலுக்கடியில் புழுக்கள் நெளிந்தன.

"இன்னா சார் இது?"

"உரம், அக்கா."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. விளக்கை எடுத்துக்கொண்டார்கள். வளையல்களைக் கழற்றிக்கொண்டார்கள். வாசலில் செருப்புகள் ஒவ்வொரு ஜோடியாகக் குறைந்தன. கடைசியில் என் கையில் கூழ் டம்ளர் மட்டும் இருந்தது.

சுமதியைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். பாதியிலேயே சிரிக்கத் தொடங்கியவள், ஸ்பீக்கரில் போட்டு மகளையும் மாப்பிள்ளையையும் கேட்க வைத்தாள். இன்றுவரை புனேயிலிருந்து யார் பேசினாலும் முதல் கேள்வி, "ஆத்தா சாப்டாளா?" என்பதுதான்.

மறுநாள் காலை, டீ போடுவதற்கும் முன்னால், அந்த டம்ளரைக் கழுவித் துடைத்தேன். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்று சுமதி சொல்வாள்; சர்க்கரை நிரப்பினேன். அந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகு முதல்முறையாக மாடி ஏறிக் கதவைத் தட்டினேன். வள்ளி அக்கா டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வா தாயே," என்றார். "வந்து குந்து."