சைலன்சர் அண்ணன் குறுக்கிய ஒரே குழாய்

உலகத்தில் இருக்கிற எல்லாக் கஷ்டத்துக்கும் ஒரே காரணம்தான், உள்ளே போனது வெளியே வர வழி போதவில்லை என்று முழுசாக நம்பிய மனிதர் ஒருவரை எனக்குத் தெரியும். சைலன்சர் அண்ணன் என்றால்தான் ஊருக்குத் தெரியும். திருச்சி அரியமங்கலத்தில் பட்டறை. காருக்கும் வேனுக்கும் புகை போகிற குழாய் மாற்றுவது தொழில். பெயரில்தான் சைலன்சர். அவர் வாய் மூடி நான் பார்த்ததில்லை. அவர் கை வைத்த வண்டியும் அப்படித்தான்.

ஒரு கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் வாசித்து முடித்து மூச்சு வாங்கிய நேரம் பார்த்து, சட்டைப் பையிலிருந்து அளவு பார்க்கிற வெர்னியரை எடுத்து நாதஸ்வரத்தின் வாயில் வைத்துப் பார்த்தாராம். "இத இன்னும் கொஞ்சம் அகலப்படுத்தினா உங்களுக்கு இவ்வளவு கன்னம் உப்பாதுண்ணே" என்றாராம். தவில்காரர் குச்சியை ஓங்கிய பிறகுதான் பந்திக்குப் போனார். அங்கே பாயசத்தை விட்டுவிட்டு, கை கழுவுகிற தொட்டியின் அடியில் குனிந்து குழாயை அளந்துகொண்டிருந்தார்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் ஸ்ரீரங்கத்தில் டாக்ஸி ஓட்டுகிறவள். வீட்டுக்காரர் போன பிறகு அவர் காரை விற்க மனசில்லாமல், நானே ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் எடுத்தேன். எனக்கு முன்னால் ராஜகோபுரத்தடியில் டாக்ஸி போட்ட பெண் யாராவது இருந்தால் வந்து சொல்லட்டும். டர்போ வைத்த டீசல் வண்டி. வெளியூர் யாத்திரைக்காரர்களைச் சமயபுரம், வயலூர் என்று கூட்டிப் போய் வருவேன். யாரிடமும் கை நீட்டாமல் தலை நிமிர்ந்து உட்கார அந்த டிரைவர் சீட் ஒன்றுதான் எனக்கு இருந்தது.

அந்த வண்டி ஒரு நாள் சோர்ந்துபோனது. ஜங்ஷன் மேம்பாலத்தில் ஏறும்போது ஒரு ஷேர் ஆட்டோ என்னை முந்திக்கொண்டு போனது. அதில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி என்னைப் பார்த்துக் கையை வேறு ஆட்டினாள்.

என் மகன் குமாருக்கு இது போதும். நான் வண்டி ஓட்டுவது அவனுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது.

"வயசாயிடுச்சும்மா. வித்துடலாம்" என்றான். சொல்லும்போது வண்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

"வயசு வண்டிக்கா, எனக்கா?"

"ரெண்டையும் பச்சமலைக்கு ஏத்திக் காட்டு. எங்களையும் வெச்சு ஏறிட்டா நான் வாயத் தொறக்கல. ஏறலன்னா சாவிய என்கிட்ட குடுத்துட்டு வீட்ல இரு."

துறையூர் தாண்டி இருக்கிற பச்சமலை, கொண்டை ஊசி வளைவு வளைவாக ஏறுகிற மலை. சரிடா என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் மேம்பாலம் ஞாபகம் வந்தது.

சைலன்சர் அண்ணன் பட்டறையில் போய் நின்றேன். அவர் பானட்டைத் திறக்கவே இல்லை. பின்பக்கம் போய்க் குந்தி, புகைக்கு நேராக உள்ளங்கையைக் காட்டி, ரசம் கொதிக்கிற பக்குவம் பார்க்கிற மாதிரி முகர்ந்து பார்த்தார்.

"யாரு தங்கச்சி, உசுரோட இருக்கிற வண்டிக்கு மூக்குல பஞ்சு வெச்சது?"

விஷயம் இதுதான். பழைய குழாய் துருப்பிடித்து ஓட்டையானபோது, சத்தமில்லாமல் இருக்கட்டும் என்று குமார் எங்கேயோ ஒரு சின்னக் காரின் ஒல்லிக் குழாயை வாங்கி வெல்டிங் பண்ணி வைத்திருந்தான். என் கூடவே பட்டறைக்கு வந்திருந்த குமார் விடவில்லை. "பெரிய குழாய் போட்டா இழுவை போயிடும்னு போன்ல ஒரு வீடியோல சொல்றாங்களே" என்றான்.

"அது டர்போ இல்லாத வண்டிக்கு தம்பி. அங்க ஒரு புகை வேகமா ஓடினாத்தான் பின்னாடி வர்ற புகையையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போகும். ரொம்ப அகலமாப் போட்டா அது சோம்பேறியாயிடும். உங்க வண்டி அப்படி இல்ல. நீ வைகுண்ட ஏகாதசிக்கு சொர்க்கவாசல் போயிருக்கியா?"

"போயிருக்கேன்."

"வாசல் குறுகல்தான். ஆனா தள்ளுற தள்ளுல ஜனம் பாய்ஞ்சு வருதுல்ல? டர்போங்கிறது அந்த வாசல்ல வெச்ச விசிறி. புகை பாயற வேகத்துல அது சுத்தும். அது சுத்தினாத்தான் இஞ்சினுக்குக் காத்து உள்ள போகும். வாசலத் தாண்டினவன் அங்கயே நின்னு செல்ஃபி எடுத்தா?"

குமார் தன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"பின்னாடி இருக்கிறவன் நகர மாட்டான். விசிறி நின்னுடும். அதனால வாசலுக்கு அந்தப் பக்கம் மைதானமா இருக்கணும். நீ அங்க சந்து கட்டி வெச்சிருக்க."

மைதானம் என்றால் அவருக்கு மைதானம்தான். லாரிக்குப் போட வேண்டிய மாதிரி ஒரு குழாயை மாட்டி அனுப்பினார். வண்டி பறந்தது. மேம்பாலத்தில் அந்த ஷேர் ஆட்டோவைத் தேடினேன், கிடைக்கவில்லை.

ஆனால் சத்தம். சித்திரை வீதியில் நுழைந்தால் புறா எல்லாம் கோபுரத்தை விட்டுக் கிளம்பின. ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் குழாய் தரையைத் தேய்த்தது. சேலத்திலிருந்து வந்த ஒரு அம்மாள் சமயபுரம் போய்ச் சேரும் வரை காதைப் பொத்திக்கொண்டு, திரும்பி வரும்போது பஸ்ஸில் ஏறிவிட்டாள். உத்தர வீதியில் தினமும் கோயிலுக்குப் போகிற பெரியவர் ஒருவர் குடையால் என் வண்டியை நிறுத்தினார்.

"ஏம்மா, பெருமாள் சயனத் திருக்கோலத்துல சேவை சாதிச்சிண்டிருக்கார். உன் வண்டி சத்தத்துல எழுந்து உக்காந்துண்டுட்டார்னா, அப்புறம் நாங்க எந்தக் கோலத்தை சேவிக்கறது?"

எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் என் வண்டியில் ஏற ஆள் இல்லை. மலை ஏறினாலும் ஊருக்குள் ஓட்ட முடியாவிட்டால் சாவி குமாருக்குத்தான். அவன் வாயைத் திறக்காமலே சந்தோஷமாக இருந்தான்.

திரும்பவும் பட்டறைக்குப் போனேன். "அண்ணே, கொஞ்சம் சின்னதாக்கிக் குடுங்க."

அவர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார். "தங்கச்சி, நான் தொழிலுக்கு வந்ததுலேருந்து குழாயப் பெருசாக்கியிருக்கேன். சின்னதாக்கினதே இல்ல."

"பெருமாளும் தூங்கணும், நானும் ஓட்டணும்ணே. நடுவுல ஒரு அளவு இல்லியா?"

சைலன்சர் அண்ணன் பேசாமல் இருந்ததை அன்றைக்குத்தான் பட்டறையே பார்த்தது. பக்கத்து டயர் கடைக்காரர் ஓடி வந்து, "உடம்பு சரியில்லையா பாஸு?" என்று கேட்டார். நான் வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் போன் வந்தது. "வண்டியக் கொண்டா."

போனபோது அவருக்குக் கண் எல்லாம் சிவந்திருந்தது. "யோசிச்சேன். வாசலத் தாண்டின ஒடனே அகலம் வேணும், அதுல கை வைக்க முடியாது. ஆனா போகப் போகப் புகை ஆறிடும். ஆறினா அடங்கிடும். அடங்கினதுக்கு அவ்வளவு எடம் வேணாம். தெருக்கோடிக்குப் போனா கூட்டம் தானாக் கலையற மாதிரி." அதனால் டர்போவை ஒட்டிக் குழாயை அகலமாகவே விட்டுவிட்டு, பின்பக்கம் மட்டும் வெட்டிக் கொஞ்சம் குறுக்கி, சத்தத்தை அடக்க ஒரு பெட்டியும் வைத்தார். வெட்டும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். கொஞ்சம் தவறியிருந்தால் விரல் போயிருக்கும்.

பச்சமலைக்குத் தானும் வருவேன் என்று அடம் பிடித்தார். முன்னால் குமார், பின்னால் என் மருமகள், அவள் பக்கத்தில் ஜன்னலுக்கு வெளியே காதை நீட்டிக்கொண்டு அண்ணன். ஒவ்வொரு வளைவிலும், "சுத்துது, விசிறி சுத்துது" என்றார். மருமகள் வாந்திக்குப் பை தேடினாள்.

நல்ல செங்குத்தான ஒரு வளைவில், முன்னால் போன மரவள்ளி லோடு வண்டி திடீரென்று நின்றுவிட்டது. நானும் நிறுத்த வேண்டியதாயிற்று. நின்ற இடத்திலிருந்து வண்டியை மேலே கிளப்ப வேண்டும். குமார் கண்ணை மூடிக்கொண்டான். சைலன்சர் அண்ணன் கூட வாயை மூடிக்கொண்டார்.

லோடு வண்டி நகர்ந்ததும் முதல் கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டேன். வண்டி ஒரு தடவை முனகியது. பிறகு பின்னாலிருந்து யாரோ தோள் கொடுத்த மாதிரி எழும்பிப் போனது.

உச்சியில் இறங்கியதும் குமார் தூரத்தில் எங்கேயோ பார்த்துக்கொண்டு, "டீ குடிக்கலாமாம்மா?" என்றான். அதற்குப் பிறகு சாவி பேச்சை அவன் எடுத்ததில்லை. அண்ணன் வண்டிக்கடியில் தலையை விட்டிருந்தார். "தங்கச்சி, குழாயப் பிடிக்கிற கிளாம்ப் ஒண்ணு லூசு. துணி குடு" என்றார். அழுகிறாரா என்று நான் பார்க்கவில்லை.

பிறகு அவருக்கு நெஞ்சு வலி வந்தது. ரத்தக் குழாயில் அடைப்பு என்று டாக்டர் சொன்னதும் அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். "அதத்தான் டாக்டர் நானும் காலம் பூரா சொல்லிக்கிட்டிருக்கேன்" என்று டாக்டர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பட்டறையை விட்டுவிட்டு இப்போது வையம்பட்டியில் தங்கை வீட்டில் இருக்கிறார். கண் சரியாகத் தெரியாது. அவர் தயவில் நான் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

திண்டுக்கல் பக்கம் சவாரி போனால் அந்த வீட்டு வாசலில் நிறுத்தி ஆக்ஸிலேட்டரை லேசாக மிதிப்பேன். ஹாரன் அடிக்க வேண்டியதில்லை. உள்ளேயிருந்தே குரல் வரும். "தங்கச்சி, கிளாம்ப் லூசா இருக்கு பாரு." கையால் சுவரைத் தடவிக்கொண்டு வந்து, தானே இறுக்கிவிட்டு, ஊர்க் கதையெல்லாம் பேசி அனுப்புவார்.

ஒரு தடவை குமார் முன்கூட்டியே எல்லாவற்றையும் நன்றாக இறுக்கிவிட்டான். நான் போய் நிறுத்தினேன். அவர் வாசலுக்கு வந்து ரொம்ப நேரம் காது கொடுத்துக் கேட்டார். "எல்லாம் சரியா இருக்கு" என்றார். அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியாமல், வெறும் கையோடு நின்றார்.

இப்போதெல்லாம் வையம்பட்டிக்குக் கொஞ்சம் முன்னாலேயே வண்டியை ஓரம் கட்டிவிடுகிறேன். குனிவது கஷ்டம்தான். இருந்தாலும் துணியைச் சுற்றிப் பிடித்து, அந்தக் கிளாம்பை ஒரு திருகு தளர்த்திவிட்டுத்தான் போகிறேன்.