முகிலூர்க் களஞ்சியமும் சொல்லமைச்சரும்

நெடுங்கொற்றம் என்ற நாட்டில் வரலாற்றுப் பாடத்தை விடப் பெரிய பாடம் எதுவும் இல்லை. கணக்குத் தெரியாதவன் அமைச்சராகலாம். நீச்சல் தெரியாதவன் கடற்படைக்குத் தலைவனாகலாம். உலக வரலாற்றின் அடிப்படைச் சொற்களை அறியாதவனுக்கு மட்டும் அந்நாட்டில் எந்த வேலையும் கிடைக்காது. அந்தச் சொற்களையெல்லாம் தொகுத்து முன்னோர் ஒரு நூல் செய்திருந்தார்கள். பேரரசு, படையெடுப்பு, உடன்படிக்கை, கொள்ளைநோய் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வாக்கியம். காலையில் எல்லாப் பள்ளிகளிலும் மாணவர்கள் அதை உரக்க வாசிப்பார்கள். பெற்றோரும் வெளியே நின்று கேட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவார்கள்.

ஒரு நாள் மன்னர் பல்லக்கில் போகும்போது அந்த வாசிப்பைக் கேட்டார். அவர் முகம் வாடியது. அரண்மனைக்குத் திரும்பியதும் சொல்லமைச்சர் வாகீசரை அழைத்தார்.

"நம் குழந்தைகள் ஏன் இவ்வளவு துயரமான சொற்களைப் படிக்கிறார்கள்?"

"வரலாறு அப்படி அமைந்துவிட்டது, பெருமானே."

"அமைந்ததை மாற்றத்தானே அமைச்சர்?"

அன்று முதல் சொற்கள் நீக்கப்பட்டன. முன்னோர் நூலின் வரிசையைக் குலைப்பது பாவம் என்பதால் ஒரு விதி செய்தார்கள். நீக்கிய சொல் வரும் இடத்தில் வாசிப்பவர் வாய் மூடி நிற்க வேண்டும். சொல் எவ்வளவு நீளமோ அவ்வளவு மௌனம். பிறகு வாக்கியத்தைத் தொடரலாம்.

வாகீசர் கையால் முதலில் போன சொல் 'அகதி.' வறண்ட ஊர்களிலிருந்து மூட்டை முடிச்சுகளோடு நடந்தவர்கள் அதன்பின் உலாப்பயணிகள் என்று அழைக்கப்பட்டார்கள். உலாப்பயணி மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்பதால் எல்லைச் சாவடியில் சிரித்துக் காட்டாதவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்து 'கொத்தடிமை' போயிற்று. செங்கல் சூளைகளில் தலைமுறையாக முடங்கிக் கிடந்தவர்கள் சூளைக்காரரின் விருந்தினர்கள் ஆனார்கள். வீட்டுக்காரர் விடை கொடுக்காமல் விருந்தாளி கிளம்புவது பண்பாடு இல்லை என்று அமைச்சர் விளக்கினார். அவர் சொன்னது பண்பாட்டின்படி சரிதான். விடை மட்டும் யாருக்கும் கிடைக்கவில்லை.

பிறகு 'பஞ்சம்' போயிற்று. அந்த ஆண்டுதான் முகிலூரில் மழை பொய்த்தது.

முகிலூரில் களஞ்சியம் இருந்தது. அதில் நிறைய நெல்லும் இருந்தது. ஆனால் அதன் கதவு ஒரு பழைய சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. அமைச்சர் நிலையில் உள்ள ஒருவர் ஊரார் கேட்க மும்முறை பஞ்சம் என்று அறிவித்தால் கதவைத் திறக்க வேண்டும்; அறிவிக்காவிட்டால் திறக்கக் கூடாது. சாவி களஞ்சியக் காவலன் ஆவுடையப்பனிடம் இருந்தது. அவன் தங்கை தையல்நாயகி அவ்வூர்ப் பள்ளியில் வரலாற்று ஆசிரியை.

ஒரு நாள் வாசிப்பின் நடுவில் பூவாயி என்ற மாணவி நின்றபடியே சரிந்தாள். அவள் காலையில் குடித்தது புளியங்கொட்டைக் கஞ்சி. முந்தின நாள் அதுவும் இல்லை. தையல்நாயகி அவளுக்குத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு நேராகக் களஞ்சியத்துக்குப் போனாள்.

"அண்ணே, கதவைத் தொற."

"தொறந்தா என் தலை போகும், தாயீ."

"தொறக்காட்டி ஊரே போகும்."

"எனக்கு மட்டும் தெரியாதா? என் வீட்லயும் அடுப்பு எரியலை. சாவியை இடுப்புல வச்சுக்கிட்டுப் பட்டினி கிடக்கிறவன் நான். உன் அண்ணி எங்கிட்ட மொகம் குடுத்துப் பேசறதில்லை." அவன் குரல் தணிந்தது. "சட்டம் இருக்கு. ஆனா அமைச்சர் வாயால அந்தச் சொல்லு வரணும். நாட்டுல எந்த அமைச்சர் சொல்லுவாரு?"

அவள் கதவில் சாய்ந்தாள். உள்ளே எலிகள் நெல்லில் ஓடும் ஓசை தெளிவாகக் கேட்டது. எலிகள் சட்டம் படித்தவையல்ல.

"சொல்ல மாட்டாரு. சொல்ல வைக்கணும்," என்றாள்.

"அவரையா? நல்லா வச்சே போ."

"அவரு சொன்னா நீ தொறப்பியா?"

"மூணு தடவை என் காதுல விழட்டும். அப்புறம் மன்னரே வந்து நின்னாலும் தொறப்பேன்."

மறுநாள் வாசிப்பில் அந்த வாக்கியம் வந்தது. 'மழை பொய்த்து, ஆள்வோர் களஞ்சியத்தைப் பூட்டினால், அவ்வூரில்' என்று வாசித்துவிட்டுத் தையல்நாயகி நிறுத்தினாள். மாணவர்களும் நிறுத்தினார்கள். சொல்லின் அளவுக்கு உரிய மௌனம் முடிந்தது. அவள் தொடரவில்லை. வெளியே நின்ற பெற்றோரும் அசையவில்லை. ஒரு சொல்லுக்காக வைத்த இடத்தில் ஊர் முழுவதும் ஏறி நின்றது. வெயில் உச்சிக்கு வரும்வரை யாரும் பேசவில்லை.

அது பரவியது. சந்தையில் ஒருவன், "ஊர்ல எப்படி?" என்று கேட்டால் மற்றவன் வாய் மூடி நின்றான். கேட்டவனுக்குப் புரிந்தது. பக்கத்து ஊர்களிலும் காலை வாசிப்பு அதே இடத்தில் நின்றது. செங்கல் சூளைகளை அடுத்த பள்ளிகளில் 'கொத்தடிமை' இருந்த வாக்கியத்தில் நின்றது. எல்லைச் சாவடியில் சிரிக்கச் சொன்னபோது மக்கள் சிரிக்காமல், அழாமல், சும்மா நின்றார்கள். நீக்கிய சொல்லை ஒருவர் கூட உச்சரிக்கவில்லை. நாடெங்கும் அந்தச் சொற்கள்தான் கேட்டன.

தலைநகரில் அவை கூடியது.

"குடிமக்கள் சட்டத்தை மீறுகிறார்களா?" என்று மன்னர் கேட்டார்.

"இல்லை, பெருமானே. அளவுக்கு மேல் கடைப்பிடிக்கிறார்கள்," என்றார் வாகீசர்.

"அப்படியென்றால் சட்டத்தை அவர்களுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்."

ஆகவே கடைசி ஆணை வந்தது. நெடுங்கொற்றத்தில் மௌனம் தடை செய்யப்பட்டது. பொது இடத்தில் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நிற்பதும், வாசிப்பின் நடுவே நிறுத்துவதும் குற்றம். நீக்கிய சொற்களைச் சொல்வது முன்போலவே குற்றம். இரண்டுக்கும் நடுவில் என்ன செய்வது என்று ஆணையில் இல்லை. அது குடிமக்களின் படைப்பாற்றலுக்கு விடப்பட்டதாக வாகீசர் கூறினார். ஆணையை நிறைவேற்ற அவரே முகிலூருக்குப் புறப்பட்டார்.

ஊரில் நிழல் என்று மிச்சமிருந்தது களஞ்சியத்தின் முன்வாசல் ஒன்றுதான். அங்கே அமைச்சருக்கு நாற்காலி போட்டார்கள். ஊரார் வெயிலில் நின்றார்கள். பக்கத்தில் காவல் தலைவர் மருதையா எழுதுகோலோடு நின்றார். அவர் நேர்மையானவர்; விதி என்று ஒன்று இருந்தால் அதை விழுங்கிச் செரிக்கும்வரை விடமாட்டார்.

"ஆசிரியையே, வாசியுங்கள். இடைவெளியின்றி, மலர்ந்த முகத்தோடு வாசியுங்கள்," என்றார் வாகீசர்.

தையல்நாயகி நூலை விரிக்கவில்லை. அது அவளுக்கு மனப்பாடம்.

"மழை பொய்த்து, ஆள்வோர் களஞ்சியத்தைப் பூட்டினால், அவ்வூரில் பஞ்சம் வரும்."

கூட்டத்தில் யாரோ மூச்சை உள்ளிழுத்தார்கள். வாகீசர் எழுந்தார்.

"என்ன துணிச்சல்! ஏன் சொன்னீர்கள்?"

"நிறுத்துனா குத்தம், சொன்னாலும் குத்தம்னு நீங்கதானுங்களே போட்டீங்க. ரெண்டும் குத்தம்னு ஆனப்புறம் உள்ளதைச் சொல்லிட்டேன்."

"மருதையா! இவளைப் பிடியுங்கள்!"

மருதையா ஓலையை எடுத்தார். "பிடிக்கிறேனுங்க ஐயா. எதுக்குன்னு எழுதணும். குத்தம் சாட்டறவங்க அதை வாய்விட்டுச் சொல்லணும்கிறது விதி. அம்மா என்ன சொன்னாங்க?"

"உமக்குக் கேட்கவில்லையா?"

"கேட்டுச்சுங்க. நான் கேட்டது செல்லாது. நீங்க சொல்லணும்."

வாகீசர் வாயைத் திறந்தார், மூடினார். நெற்றியிலிருந்து ஒரு துளி வியர்வை இறங்கி மூக்கின் நுனியில் தங்கியது. மருதையா சங்கடத்தோடு குரலைத் தாழ்த்தினார்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. கேட்டதுக்குப் பதில் சொல்லாம நிக்கக் கூடாதுங்க. புது ஆணை. உங்களையும் எழுத வேண்டி வரும்."

"முட்டாளே! பஞ்சம் என்றாள்!"

களஞ்சியத்துப் பக்கம் ஆவுடையப்பன் இடுப்பைத் தொட்டுக்கொண்டு நிமிர்ந்தான்.

"யாருங்க ஐயா? பேரோட வேணும்."

"இதோ நிற்கிறாளே, இந்த ஆசிரியை! பஞ்சம் என்று சொன்னாள்!"

கூட்டத்தின் பின்னாலிருந்து வெற்றிலை விற்கும் சின்னக்காளை குரல் கொடுத்தான். "சாமி, பின்னால நிக்கிறவங்களும் குடிமக்கதான். எங்களுக்கு ஒண்ணும் கேக்கலை!"

"அதானே, என்ன குத்தம்னு தெரியாம எங்க டீச்சரை எப்படி விடுறது?" என்றாள் இன்னொருத்தி.

வாகீசர் நாற்காலி மேல் ஏறினார். அவருடைய பட்டு அங்கவஸ்திரம் சரிந்து தரையில் விழுந்தது. சபைகளில் பயின்ற குரல் அவருடையது. நன்றாக எடுத்தால் கால் காதம் கேட்கும்.

"பஞ்சம்!" என்றார்.

களஞ்சியக் கதவின் பூட்டு திறந்து தரையில் விழுந்த சத்தம் கேட்டது.

முதலில் யாரும் ஓடவில்லை. உள்ளேயிருந்து வந்த நெல்லின் வாசம் முகத்தில் படும்வரை நின்றார்கள். பிறகு முறங்களும் சாக்குகளும் வந்தன. மருதையா தம் ஓலையைப் பார்த்தார், திறந்த கதவைப் பார்த்தார், விதியை மனத்துக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். "அறிவிப்பு முறைப்படி இருக்குங்க ஐயா," என்றார். "பஞ்ச காலத்துல பஞ்சம்னு சொல்றது குத்தமில்லைன்னும் பழைய சட்டத்துல இருக்கு. அம்மாவை விட்டுடறேன்." பிறகு எழுதுகோலை இடுப்பில் செருகிக்கொண்டு, முண்டியடித்தவர்களை வரிசைப்படுத்தப் போனார். நாற்காலியிலிருந்து இறங்க அமைச்சருக்கு யாரும் கை கொடுக்கவில்லை.

இன்று அந்நாட்டுப் பாடநூலில் முகிலூருக்கு ஒரே ஒரு வாக்கியம் இருக்கிறது. மக்களின் துயர் பொறாது, நாற்காலி மேல் ஏறி நின்று பஞ்சத்தை அறிவித்த கருணையாளர் சொல்லமைச்சர் வாகீசர். அவருக்குத் தலைநகரில் சிலையும் உண்டு. மாணவர்கள் அந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குகிறார்கள். ஆசிரியையின் பெயர் அதில் இல்லை. அதைப் பற்றி அவளிடம் ஒருமுறை கேட்டார்கள். அவள் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வேலை இருந்தது உண்மைதான். நெல் குத்திச் சோறு பொங்கிய அன்று மாலையே அவள் பள்ளியைத் திறந்தாள். வயிறு நிறைந்த மயக்கத்தில் பாதிப் பிள்ளைகள் கண் சொருகி உட்கார்ந்திருந்தார்கள். அவள் பலகையைத் துடைத்துவிட்டு, மௌன விதி வரும் முன்பே, மன்னரின் பாட்டனார் காலத்திலேயே நீக்கப்பட்டு, மௌனம் காக்கக்கூட யாருக்கும் நினைவில்லாமல் போயிருந்த ஒரு சொல்லை எழுதினாள்.

பூவாயி எழுத்துக் கூட்டிப் படித்தாள். "தேர்... தல். டீச்சர், அப்படின்னா என்ன?"

"சொல்றேன்," என்றாள் தையல்நாயகி. "ஜன்னலைத் தொறந்து வை. வெளிய நிக்கிறவங்களுக்கும் கேக்கட்டும்."