சாரி, பாஸ் கமிங்

"தொண்டை கட்டிக்கிச்சுங்கத்தா" என்று பஷீர் அகமது முனகினான்.

அவன் அம்மா ரஹமத் பீவி, கேட்கக் காத்திருந்த மாதிரி, மிளகுக் கஷாயத்தை நீட்டினாள். அத்தா அப்துல் ரஹீம் தொப்பியை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"குடிச்சுப்போட்டுக் கெளம்பு. வெள்ளைக்காரர் வந்தாச்சாம். ஹனீபா ஆள் அனுப்பிட்டாரு."

"பேச வரலீங்களே."

"மெதுவாப் பேசு. இங்கிலீஸ் என்ன, ஏலமா, கத்திப் பேச?"

பஷீர் குடித்தான். இல்லாத தொண்டைவலி அந்தக் காரத்தில் நிஜமாகவே வந்து சேர்ந்தது.

மலை மேல் ஒண்டிக்கடை பஜாரில் மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கி விற்கிற ஹனீபாவின் மகள் ஜரீனாவைக் கட்ட வேண்டும் என்பது, பஷீர் சார்ஜாவுக்கு விமானம் ஏறும் முன்பே மனசுக்குள் போட்டுப் பூட்டிய ஆசை. ஆனால் ஹனீபா லேசில் மசிகிற ஆள் இல்லை. மிளகைக் கையில் அள்ளி, ஊதி, ஒன்றைக் கடித்துப் பார்த்து, "ஈரமுங்க" என்று திருப்பிக் கொட்டுவது போல ஏற்கெனவே இரண்டு மாப்பிள்ளைகளைத் திருப்பிக் கொட்டியிருந்தார். ஒருவர் சேலத்துக் காலேஜ் வாத்தியார். இன்னொருவர் பாங்க் ஆபீசர். வெளிநாட்டுக்காரர்கள் சரக்கு வாங்க வந்த சமயத்தில் இவர்களை நடுவில் நிறுத்திப் பேச வைத்தார்; மறுநாளே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். வாத்தியாருக்கும் ஆபீசருக்குமே இங்கிலீஷ் பத்தவில்லை போலிருக்கிறது என்று ஊர் வாயில் கை வைத்தது.

"நமக்கு அந்தப் பாசை வராதுங்க. மருமகனாவது வெள்ளைக்காரங்க முன்னால நிக்கோணுமில்லீங்க" என்பார் ஹனீபா.

இந்த நிலையில்தான் அப்துல் ரஹீம் வாயை விட்டார். ஒருநாள் மகனோடு பேசலாமென்று சார்ஜாவுக்குப் போன் போட்டார். பஷீர் வேலை பார்க்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நாமக்கல் முருகேசன் போனை எடுத்து, "அவன் கம்ப்யூட்டர்ல லண்டன்காரங்கூட மோதிக்கிட்டு இருக்கானுங்க, இப்ப வரமாட்டானுங்க" என்று சொல்லி வைத்துவிட்டான். அன்று சாயங்காலத்துக்குள், ரஹீம் பாய் மகன் லண்டன்காரனோடு தினமும் இங்கிலீஷில் சண்டை போடுகிறான் என்று ஒண்டிக்கடை முழுக்கச் செய்தி. அடுத்த வாரமே ஹனீபா, "தம்பி லீவுல வந்தா ஒருநாள் அனுப்புங்க, பாக்கலாம்" என்றார்.

மோதியது என்னவோ வாஸ்தவம். ஆனால் அது செஸ் விளையாட்டு. மதியத்தில் அரபி முதலாளி சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போவார். கணக்குக் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும். இன்டர்நெட்டில் நுழைந்தால் லண்டனோ, கனடாவோ, எவனோ ஒருத்தன் காய் அடுக்கிக் காத்திருப்பான். அவனிடம் பேசுவதற்குக்கூடச் சிரமமில்லை. பலகைக்குப் பக்கத்திலேயே ரெடிமேடாக வாக்கியங்கள் இருக்கும். அமுக்கினால் போய்ச் சேரும். குட் மூவ். யுவர் டர்ன். டேக் யுவர் டைம். நைஸ் ட்ரை. ஒன் மோர் கேம்? குட் கேம்.

இவை தவிர, முருகேசனிடம் கேட்டுச் சொந்தமாகத் தட்டக் கற்றுக்கொண்டது ஒன்று: சாரி, பாஸ் கமிங். அரபி கண்ணைக் கசக்கிக்கொண்டு வரும்போது, ஆட்டத்தைப் பாதியில் மூடுவதற்கு.

பஷீரின் இங்கிலீஷ் கடையில் இருந்த மொத்தச் சரக்கும் இவ்வளவுதான். மற்ற நேரத்துக்கு மலையாளமும் இந்தியும் போதுமாக இருந்தது.

முந்தின நாளே அத்தாவிடம் உண்மையைச் சொல்லிப் பார்த்தான்.

"எனக்கு இங்கிலீஸ் தெரியாதுங்கத்தா."

"தெரியாமத்தான் லண்டன்காரங்கிட்ட அத்தன மாசம் பேசுனியா?"

"பேசலீங்க, வெளையாடுனேன்."

"வெள்ளைக்காரன் வெளையாடறப்ப தமிழ்லயா வெளையாடுவான்? போடா, அடக்கம் வேணும்தான், அதுக்குன்னு இவ்வளவா."

கஷாயம் தொண்டையில் இறங்கியதும் பஷீர் ஒரு முடிவுக்கு வந்தான். "முன்னால போறேனுங்கத்தா" என்று சொல்லிவிட்டு, ஹனீபா வீடு இருக்கும் வெள்ளக்கடைக்குப் போகாமல், ஒண்டிக்கடைக்குப் போய் நின்றான். தலைச்சோலையில் இருக்கும் மாமி வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டால், வெள்ளைக்காரர் ஊரைத் தாண்டிய பிறகு திரும்பலாம். வரவேண்டிய பஸ் வரவில்லை. வரக்கூடாத ஜீப் வந்தது. முன்சீட்டில் ஹனீபா. பின்னால் ஆறடி உயரத்தில், வெயிலில் சிவந்த வெள்ளைக்காரர்.

"ஏனுங் மாப்பிள்ளை, வழியிலயே நின்னு வரவேற்கறீங்களா? நொம்ப மரியாதைங்க. ஏறுங்க."

மாப்பிள்ளை என்று ஹனீபா வாயிலிருந்து வந்ததைக் கேட்டுச் சந்தோஷப்படக்கூட பஷீருக்குத் தெம்பில்லை. ஏறினான். வழி நெடுக வெள்ளைக்காரர் பேசினார். மலையைக் காட்டிப் பேசினார், ஆரஞ்சு மரத்தைக் காட்டிப் பேசினார், குரங்கைக் காட்டிப் பேசினார். பஷீர் மூன்றுக்கும் "யெஸ்" என்றான்.

"என்னங்க சொல்றாரு?" என்று ஹனீபா திரும்பாமலே கேட்டார்.

"குரங்கு நல்லா இருக்குதுங்கறாருங்க."

"அப்படீங்களா" என்றார் ஹனீபா. அவர் தோள் லேசாகக் குலுங்கியது. ரோடு மோசம் என்று பஷீர் நினைத்துக்கொண்டான்.

வெள்ளக்கடையில் ஹனீபா வீட்டை ஒட்டியே மிளகுக் குடோன். அதன் மூலையில், சாக்குக்கு அடியில், சீமையில் செய்த பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. எஸ்டேட்டை விற்றுவிட்டுச் சொந்த ஊருக்குக் கப்பலேறிய துரை, அந்தக் காலத்தில் ஹனீபாவிடம் விட்டுப்போனது. வெள்ளைக்காரர் வந்திருப்பது அதற்காகத்தான். வாசலில் ராசம்மாள் முறத்தில் மிளகு புடைத்துக்கொண்டிருந்தாள். துரை பங்களாவிலிருந்தே ஹனீபாவுக்குப் பழக்கமானவள். அங்கே பாத்திரம் தேய்த்தவள்.

வெள்ளைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து ராசம்மாளைப் பார்த்து என்னவோ சொன்னார். பஷீர் அதற்குத் தமிழில் என்ன புளுகலாம் என்று யோசிப்பதற்குள், "ராசம்மா, தொரைக்குச் சக்கரை போடாத டீ கொண்டாம்மா" என்றார் ஹனீபா. தப்பித்தோம் என்று பஷீர் மூச்சு விட்டான்.

"பேச்சை ஆரம்பிங்க மாப்பிள்ளை. நான் சும்மா உக்காந்திருக்கறேன்."

வெள்ளைக்காரர் சாக்கை உருவினார். பஷீருக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"குட் மூவ்."

வெள்ளைக்காரர் அவனை ஒரு மாதிரி பார்த்தார். வண்டியைச் சுற்றி வந்தார், சக்கரத்தை உதைத்தார், பெட்ரோல் டாங்க் மேலிருந்த தூசியில் விரலால் ஒரு விலை எழுதினார்.

கஞ்சத்தனமான விலை என்று கூடப் பஷீருக்குத் தெரியாது. வாயில் அடுத்து வந்ததைச் சொன்னான்.

"நைஸ் ட்ரை."

சிவந்த முகம் இன்னும் சிவந்தது. எழுதியதை அடித்துவிட்டுப் பக்கத்தில் வேறொன்று எழுதினார். கொஞ்சம் பெரியது.

"டேக் யுவர் டைம்."

வெள்ளைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டீயைக் குடித்தார். மறுபடி அடித்து, மறுபடி எழுதி, நிமிர்ந்து கையைக் கட்டிக்கொண்டார். இனி நீ சொல் என்பது அந்த நிற்பிலேயே தெரிந்தது.

"யுவர் டர்ன்" என்றான் பஷீர்.

அவ்வளவுதான். வெள்ளைக்காரர் வெடித்துவிட்டார். வண்டியைக் காட்டி, டயரைக் காட்டி, வானத்தைக் காட்டி, டீ ஆறும் வரை பேசினார்.

"என்னங்க மாப்பிள்ளை சொல்றாரு?"

"வண்டி பழசுங்கறாருங்க மாமா."

"இத்தன நேரமா அதையா சொன்னாரு?"

"இங்கிலீஸ் கொஞ்சம் நீட்டி முழக்கற பாசைங்க."

வீட்டுக் கதவின் திரைக்குப் பின்னால் களுக்கென்று ஒரு சிரிப்பு. ஜரீனா கான்வென்டில் படித்தவள். வாத்தியாரும் ஆபீசரும் போன வழியில் தன் காலும் நடக்கத் தொடங்கிவிட்டதை அவன் உணர்ந்தான்.

வெள்ளைக்காரர் கையை உதறிவிட்டு வெளிக்கேட்டைப் பார்த்து நடந்தார். ஹனீபா எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார். பேரம் கைவிட்டுப் போகிறது, அதோடு ஜரீனாவும் போகிறாள். ஆட்டத்தை விட்டு ஓடுகிறவனை நிறுத்த பஷீரிடம் இருந்தது ஒரே வாக்கியம்.

"ஒன் மோர் கேம்?" என்று கூவினான்.

வெள்ளைக்காரர் நின்றார். திரும்பினார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். இப்படியொரு கல்லுளிமங்கனிடம் மாட்டியது இதுவே முதல் தடவை போலிருந்தது அந்தச் சிரிப்பு. திரும்பி வந்து, பஷீரின் முகத்துக்கு நேராகக் குனிந்து, சாந்தமாக ஒரு கேள்வி கேட்டார். பஷீருக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து ஹனீபா, வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தார்.

கேள்வியும் வேண்டாம், ஆட்டமும் வேண்டாம், மூடிவிடலாம் என்று பஷீருக்குத் தோன்றியது. விரல் தானாகவே காற்றில் எதையோ தட்டியது.

"சாரி, பாஸ் கமிங்."

ஜீப்பில் முன்னால் வந்து, இதுவரை ஓரமாகச் சும்மா உட்கார்ந்திருந்த ஹனீபாவை வெள்ளைக்காரர் இப்போதுதான் சரியாகப் பார்த்தார். அப்படியானால் இவ்வளவு நேரமும் ஆட்டிவைத்தவன் வெறும் வேலையாள்தானா, முதலாளி இனிமேல்தான் பேசவே போகிறாரா? வேலையாளே இந்தப் பாடு படுத்தினால் முதலாளி என்ன செய்வார்? முதலாளி வந்து சேர்வதற்குள் அவசர அவசரமாக முந்தின விலையை அடித்தார். மிச்சமிருந்த தூசியில் பெரிதாக ஒரு விலை எழுதினார். அடியில் இரண்டு கோடு போட்டார். பஷீரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"குட் கேம்" என்றான் பஷீர், அழாத குறையாக.

ஹனீபா டாங்கின் மேலிருந்ததைப் படித்தார். அவர் மனசில் போட்டு வைத்திருந்ததைவிட அது ஒரு பங்கு அதிகம். ஆனால் பழைய வியாபாரி. புளித்த மோர் குடித்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "செரி, மாப்பிள்ளை சொன்னாக் கேட்டுக்க வேண்டியதுதான்" என்றார்.

அன்று சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து அப்துல் ரஹீமின் வீட்டுக்குச் சர்க்கரையும் வெற்றிலையும் வந்தன. நிக்காஹ்வுக்கு நாள் குறித்தாயிற்று.

அதற்குப் பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. லாட்ஜ்காரர் வேலுசாமி, ரூமைக் காலி பண்ணாத பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் பேசக் கூப்பிட்டார். அங்கப்பன், பேரனை இங்கிலீஷ் ஸ்கூலில் சேர்க்க ஹெட்மாஸ்டரிடம் பேச வரச் சொன்னார். உச்சகட்டமாக, ஒரு பள்ளிக்கூடத்தார் ஆண்டு விழாவில் இங்கிலீஷில் அரைமணி நேரம் பேச வேண்டும் என்று சொல்லி, போடப்போகிற மாலைக்கு அளவும் கேட்டுவிட்டுப் போனார்கள். 'டேக் யுவர் டைம்' என்பதை வைத்துக்கொண்டு அரைமணி நேரத்தை எப்படித் தள்ளுவது?

பஷீருக்குச் சோறு இறங்கவில்லை. பொய்யைச் சீதனமாகக் கொடுத்துப் பெண் எடுப்பதா? இன்று இல்லாவிட்டாலும் என்றைக்காவது ஹனீபாவுக்குத் தெரியத்தான் போகிறது. நேரில் சொல்லத் துணிச்சலில்லை. வெள்ளக்கடைக்குப் போய்க் குடோன் வாசலில் ராசம்மாளுக்கு எதிரே குந்தினான்.

"ஏனுங்கக்கா, ஒண்ணு சொல்றேன். நீங்கதான் மாமா காதுல பக்குவமாப் போடோணும்."

"சொல்லு கண்ணு."

"எனக்கு இங்கிலீஸ் தெரியாதுங்க. அன்னிக்கு அந்த வெள்ளைக்காரர் பேசுனது ஒண்ணுமே புரியலீங்க. நான் சொன்னது பூராம் கம்ப்யூட்டர் வெளையாட்டுல வர்றது. மாமாகிட்டச் சொல்லிருங்க. அவரு வேண்டாம்னா நான் இந்த வெள்ளிக்கிழமையே சார்ஜாவுக்குப் போயிடறேன்."

ராசம்மாள் முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அதெல்லாம் பாய்க்கு அன்னிக்கே தெரியும் சாமி. ஊட்டுக்குள்ள போய் அவரும் பாப்பாவும் சிரிச்ச சிரிப்பு எனக்கே கேட்டுது. கண்ணத் தொடச்சுக்கிட்டுத்தான் வெளிய வந்தாரு."

"அவருக்கு எப்படிங்கக்கா தெரியும்? அவருக்கும்தான் இங்கிலீஸ் வராதே."

"ஆரு சொன்னா? பங்களாவுல தொரைக்குப் பேப்பர் படிக்கறதும், கடுதாசி எழுதறதும் பாய்தானே. தொரை தப்பாச் சொன்னாக்கூடத் திருத்துவாரு. இங்கிலீஸ் தெரிஞ்ச ஆளு பக்கத்துல இருந்தா வர்றவன் உள்விசயத்தப் பேசாம வாயை மூடிக்குவான்னு சொல்லி, இத்தன வருசமா மூச்சே உடலை."

பஷீர் இன்னும் கிட்டே நகர்ந்து குந்தினான்.

"அப்புறம் நடுவுல நின்னு பேச மாப்பிள்ளை எதுக்குங்க?"

ராசம்மாள் முறத்தை ஒரு தட்டுத் தட்டிப் பதரை ஊதிவிட்டு, "முன்னால வந்த ரெண்டு பேருக்கும் இங்கிலீஸ் நல்லாத் தெரியும் சாமி, அதனாலதான் வேண்டாம்னு அனுப்புனாரு" என்றாள்.